கனடா பி.ஆர்.: ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்!

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு வெளிநாடு புதிதல்ல. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் வளைகுடா நாடுகளோடு தொடர்புள்ள குடும்பங்கள் ஏராளம். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விலை கொடுக்காத வருஷங்களில் சிங்கப்பூர், மலேசியா என்று கிளம்பியவர்களும் உண்டு. அரியலூரைச் சுற்றி சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் இருந்தாலும், படித்து வரும் எல்லோருக்கும் அங்கே வேலை இருப்பதில்லை.

ஆனால் அந்தப் பயணங்கள் பெரும்பாலும் 'போய்ட்டு வர்றது'தான். வளைகுடாவில் இருபது வருஷம் உழைத்தாலும், வேலை முடிந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். இப்போதைய தலைமுறை கேட்கும் கேள்வி வேறு: "போய் அங்கேயே இருந்துட முடியுமா?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் பி.ஆர். எனப்படும் நிரந்தரக் குடியுரிமை... இல்லை, இங்கேயே ஒரு திருத்தம். பி.ஆர். என்பது குடியுரிமை அல்ல. நிரந்தரமாகத் தங்கி வேலை செய்யும் அனுமதி. ஓட்டுரிமை கிடையாது, இந்திய பாஸ்போர்ட்டும் மாறாது. இந்த வித்தியாசம் மட்டுமல்ல, பி.ஆர். பற்றி ஊரில் உலவும் பல விஷயங்கள் பாதி உண்மைதான். அதிகம் பேர் விசாரிக்கும் கனடாவை வைத்து, கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்போம்.

ஒரு உதாரணம்

அரியலூர் பக்கத்து இளைஞர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வயது 29. திருமணம் ஆகவில்லை. பி.இ. சிவில். சென்னையில் மூன்று ஆண்டு, துபாயில் இரண்டு ஆண்டு என மொத்தம் ஐந்து ஆண்டு அனுபவம். கனடாவில் சொந்தக்காரர் யாரும் இல்லை.

ஒரு கன்சல்டன்சியில் விசாரிக்கிறார். "உங்க ப்ரொஃபைல் சூப்பரா இருக்கு சார். ஐ.இ.எல்.டி.எஸ்.ல எல்லாத்துலயும் 6 எடுத்தா போதும். மத்ததை நாங்க பாத்துக்குறோம்" என்கிறார்கள். கட்டணம் சில லட்சங்கள். வீட்டில் அப்பா, "காட்டை அடமானம் வெச்சுடலாம் தம்பி, நீ போறதுன்னா போ" என்கிறார்.

உதாரணம் கற்பனைதான். ஆனால் இதில் வரும் எண்களெல்லாம் கனடா அரசின் விதிகளில் உள்ளவை. அடமானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இவருக்கு என்ன மதிப்பெண் வரும் என்று வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்துவிடலாம். அரைமணி நேரம் போதும், பைசா செலவில்லை.

முதல் கதவு: 67

கனடா 2015 ஜனவரியில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற முறையைக் கொண்டுவந்தது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் திறன்சார் பணியாளருக்கு இதில் இரண்டு கதவுகள். முதல் கதவு தகுதி, இரண்டாவது போட்டி. பலர் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தகுதிக்கு 100-க்கு 67 எடுக்க வேண்டும். மொழிக்கு 28, படிப்புக்கு 25, அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, கனடா வேலைவாய்ப்புக்கு 10, அங்கே பொருந்திக்கொள்ளும் வாய்ப்புகளுக்கு 10 எனப் பிரித்திருக்கிறார்கள். கடைசி இனத்தில் கனடாவில் நெருங்கிய உறவினர் இருப்பது, வாழ்க்கைத் துணையின் மொழித்திறன் போன்றவை வரும்.

நம் இளைஞருக்குப் படிப்புக்கு 21, ஐந்து ஆண்டு அனுபவத்துக்கு 13, வயதுக்கு முழு 12. ஆக 46. மீதி 21 மதிப்பெண் மொழியிலிருந்துதான் வர வேண்டும். இங்கேதான் "6 எடுத்தா போதும்" என்ற பேச்சு உடைகிறது.

ஐ.இ.எல்.டி.எஸ். பொதுப் பயிற்சித் தேர்வில் நான்கு பிரிவிலும் 6 எடுத்தால், கனடாவின் மொழி அளவுகோலில் அது 7-ம் நிலை. அதற்குக் கிடைப்பது 16. கூட்டினால் 62, கதவு திறக்காது. கேட்டலில் 7.5, மற்ற மூன்றில் 6.5 எடுத்தால் 8-ம் நிலை. கிடைப்பது 20. கூட்டினால் 66. ஒரே ஒரு மதிப்பெண்ணில் வெளியே! கேட்டலில் 8, வாசித்தல், எழுதுதல், பேசுதலில் 7 எடுத்தால் 9-ம் நிலை. கிடைப்பது 24, மொத்தம் 70. இப்போதுதான் உள்ளே போக முடியும்.

ஆங்கிலத்தில் 6 என்பது விண்ணப்பிக்கத் தேவையான குறைந்தபட்சம். ஆனால் உறவினரோ துணையோ இல்லாத ஒருவருக்கு அது கதவையே தொடாது.

இரண்டாவது கதவு: 1,200-க்கு எத்தனை?

67-ஐத் தாண்டியவர்கள் ஒரு குளத்தில் சேர்க்கப்படுகிறார்கள். அங்கே எல்லோரையும் 1,200 மதிப்பெண் கொண்ட இன்னொரு அளவுகோலில் வரிசைப்படுத்துகிறார்கள். இதற்குத்தான் சி.ஆர்.எஸ். என்று பெயர். அவ்வப்போது சுற்று நடத்தி, மேலே இருப்பவர்களுக்கு அழைப்பு அனுப்புவார்கள்.

நம் இளைஞர் 9-ம் நிலை ஆங்கிலத்தோடு வருகிறார் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

வயது 29: 110
இளநிலைப் பட்டம்: 120
ஆங்கிலம், பிரிவுக்கு 31 வீதம்: 124
பட்டமும் நல்ல ஆங்கிலமும் சேர்ந்ததற்கு: 25
மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட வெளிநாட்டு அனுபவமும் நல்ல ஆங்கிலமும் சேர்ந்ததற்கு: 50

மொத்தம்: 429.

இதில் 'வெளிநாட்டு அனுபவம்' என்பதைப் பார்த்துப் பலர் துபாய் அனுபவத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். கனடாவுக்கு இந்தியாவும் வெளிநாடுதான். சென்னையில் வேலை பார்த்த மூன்று வருஷமும் இதில் சேரும்.

இதே இளைஞர் 7-ம் நிலை ஆங்கிலத்தோடு இருந்தால் சி.ஆர்.எஸ். 336-தான் வரும். அதே ஆள், அதே பட்டம், அதே அனுபவம். மொழித் தேர்வில் மட்டும் 93 மதிப்பெண் வித்தியாசம். மொழி தனியாகவும் மதிப்பெண் தருகிறது; படிப்போடும் அனுபவத்தோடும் சேர்ந்து இன்னொரு முறையும் தருகிறது. கன்சல்டன்சிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை ஆங்கிலப் பயிற்சிக்குச் செலவழித்தால் கூடுதல் பலன் என்று சொல்வது இதனால்தான்.

வயதும் சும்மா இருக்காது. தனியாக விண்ணப்பிப்பவருக்கு 20 முதல் 29 வரை 110. 30-ல் 105. 35-ல் 77. 40-ல் 50. 45-ல் பூஜ்யம். குளத்தில் காத்திருக்கும்போதே பிறந்தநாள் வந்தால் மதிப்பெண் தானாகக் குறைந்துவிடும். "இன்னும் ரெண்டு காண்ட்ராக்ட் முடிச்சிட்டு பாத்துக்கலாம்" என்று வளைகுடாவில் தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்று ஆண்டைத் தாண்டிய பிறகு சி.ஆர்.எஸ். கணக்கில் அனுபவத்துக்குக் கூடுதல் மதிப்பெண் இல்லை. வயதுக்கு மட்டும் ஆண்டுதோறும் குறைகிறது.

429 போதுமா?

நேர்மையான பதில்: இப்போதைய நிலையில் போதாது.

எந்தத் துறையும் சாராத பொதுச் சுற்று 2024 ஏப்ரல் 23-ல் நடந்தது. அதன் கட்-ஆஃப் 529. அதற்குப் பிறகு 2025 முழுவதும் அப்படி ஒரு சுற்று நடக்கவில்லை. கனடாவில் ஏற்கெனவே வேலை செய்பவர்களுக்கான சுற்றுகள் 2025-ல் 500-க்கு மேலேயே நின்றன.

கனடா எடுக்கும் ஆட்களின் எண்ணிக்கையும் குறைந்திருக்கிறது. 2024-ல் நிரந்தரக் குடியேற்ற இலக்கு 4,85,000. 2025-ல் அது 3,95,000 ஆனது. 2026-க்கு 3,80,000. வீட்டு வாடகை ஏற்றம், மருத்துவமனைகளில் நெரிசல் என்று அங்கே எழுந்த அதிருப்திதான் இதற்குப் பின்னணி.

மொத்தமாக அழைப்பதை விட்டுவிட்டு, 2023 முதல் தேவையான துறையைப் பார்த்து அழைக்கும் முறை வந்திருக்கிறது. மருத்துவம், கல்வி, கைத்தொழில், பிரெஞ்சு மொழி எனத் தனித்தனிச் சுற்றுகள். 2025-ன் பிற்பாதியில் மருத்துவத் துறைச் சுற்றுகளின் கட்-ஆஃப் 460-க்கும் 480-க்கும் இடையே இருந்தது. செவிலியர் கல்லூரிகள் உள்ள பெரம்பலூரில் படித்து வெளியே வருபவர்களுக்கு இது முக்கியமான தகவல். ஆனால் பி.ஆர். கிடைத்தாலே அங்கே நர்ஸாக வேலை பார்த்துவிட முடியாது. அந்தந்த மாகாணத்தின் செவிலியர் அமைப்பில் தனியாகப் பதிவு பெற வேண்டும்.

சிவில் இன்ஜினீயர்? 2025 பிப்ரவரியில் திருத்தப்பட்ட அறிவியல், தொழில்நுட்பத் துறைப் பட்டியலில் அந்தப் பணி இருக்கிறது. ஆனால் 2025-ல் அந்த வகைக்கு ஒரு சுற்றுகூட நடக்கவில்லை. பட்டியலில் பெயர் இருப்பது வேறு, அழைப்பு வருவது வேறு.

ஐ.டி.ஐ., டிப்ளமா படித்த எலெக்ட்ரீஷியன், வெல்டர்களுக்குக் கைத்தொழில் பிரிவு உண்டு. அதில் மொழி வரம்பு குறைவு. ஆனால் ஐந்து ஆண்டுக்குள் இரண்டு ஆண்டு அனுபவத்தோடு, கனடா நிறுவனத்தின் வேலைவாய்ப்போ அங்குள்ள மாகாணத்தின் தொழில் சான்றிதழோ வேண்டும். ஊரிலிருந்தபடி இந்த இரண்டையும் பெறுவது எளிதல்ல.

அப்போ வழியே இல்லையா?

இருக்கிறது. 429-ஐ உயர்த்த நேர்மையான வழிகள் மூன்று.

ஒன்று, மாகாணப் பரிந்துரை. ஒரு மாகாணம் உங்களைத் தேர்ந்தெடுத்தால் 600 மதிப்பெண் கூடும்; அழைப்பு ஏறக்குறைய உறுதி. ஆனால் 2025-ல் இதற்கான இலக்கை 1,10,000-லிருந்து பாதியாகக் குறைத்தார்கள். 2026-க்கு மீண்டும் 90,000-க்கு மேல் உயர்த்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு மாகாணத்துக்கும் தேவைப்படும் தொழில் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். அதைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

இரண்டு, பிரெஞ்சு. கேட்டதும் பலர் சிரிப்பார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். பிரெஞ்சில் நான்கு பிரிவிலும் 7-ம் நிலை எடுத்தால், இரண்டாவது மொழிக்கு 12, கூடுதலாக 50. ஆக 62. நம் இளைஞரின் 429, 491 ஆகிவிடும். 2025-ல் நடந்த பிரெஞ்சுச் சுற்றுகளின் கட்-ஆஃப் 379-லிருந்து 481 வரைதான் இருந்தது. அந்த ஆண்டு நடந்த ஒவ்வொரு பிரெஞ்சுச் சுற்றிலும் அவருக்கு அழைப்பு வந்திருக்கும்.

சும்மா வராது. முதலெழுத்திலிருந்து தொடங்கி இந்த நிலைக்கு வர ஓராண்டுக்கும் மேல் தினசரி உழைப்பு வேண்டும். சென்னையிலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. ஆன்லைன் வகுப்புகளும் உண்டு. டி.இ.எஃப். கனடா அல்லது டி.சி.எஃப். கனடா தேர்வு எழுத வேண்டும்.

மூன்று, படிப்பைக் கூட்டுவது. முதுகலைப் பட்டம் இருந்தால் பட்டத்துக்கு 135. நல்ல ஆங்கிலத்தோடு சேரும்போது 25-க்குப் பதில் 50. ஆக 40 மதிப்பெண் கூடும். ஏற்கெனவே எம்.இ., எம்.பி.ஏ. முடித்துவிட்டு அதைக் கணக்கில் காட்டாமல் விட்டவர்கள் உண்டு.

"கனடா கம்பெனி ஜாப் ஆஃபர் வாங்கித் தர்றோம், அதுல பாயின்ட் ஏறிடும்" என்று யாராவது சொன்னால், 2025 மார்ச் 25 என்ற தேதியை நினைவில் வையுங்கள். அன்றிலிருந்து வேலைவாய்ப்புக் கடிதத்துக்கு சி.ஆர்.எஸ். மதிப்பெண் கிடையாது. அந்தக் கடிதங்கள் விலைக்கு விற்கப்பட்டதுதான் காரணம். இன்றும் அந்தப் பெயரில் லட்சங்கள் கேட்பவர் பூஜ்யத்தை விற்கிறார்.

காகிதத்தில் தடுக்கும் இடங்கள்

மதிப்பெண் இருந்தும் காகிதத்தில் விழுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் பகுதிக்கென்றே சில சிக்கல்கள் உண்டு.

*பெயர்:* பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து எழுதி வேறு மாதிரி. டிகிரியில் இன்னொரு மாதிரி. நமக்கு இது சாதாரணம். வெளிநாட்டு அதிகாரிக்கு மூன்று ஆட்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலையாவது முன்கூட்டியே சரிபாருங்கள். பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டு, திருச்சி மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகப் பாஸ்போர்ட்டைத் திருத்திவிட்டு மற்ற வேலையைத் தொடங்குவது நல்லது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருந்தால், கனடா விண்ணப்பத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதச் சொல்கிறது விதி.

*டிரான்ஸ்கிரிப்ட்:* உங்கள் பட்டம் கனடாவில் எதற்குச் சமம் என்று மதிப்பிட வேண்டும். டபிள்யூ.இ.எஸ். போன்ற அமைப்புகள் இதைச் செய்கின்றன. இதற்கு மதிப்பெண் தொகுப்புச் சான்று பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாகப் போக வேண்டும். கலை, அறிவியல் படித்தவர்களுக்குத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம். பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகம். 2007-க்குப் பிறகு சில ஆண்டுகள் திருச்சியில் தனி அண்ணா பல்கலைக்கழகம் இயங்கி, 2012-ல் மீண்டும் சென்னையோடு இணைக்கப்பட்டது. அந்தக் காலத்தில் படித்தவர்கள் எங்கே விண்ணப்பிப்பது என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும். மதிப்பீட்டு அறிக்கை ஐந்து ஆண்டு செல்லும். மொழித் தேர்வு முடிவு இரண்டு ஆண்டுதான்.

*அனுபவச் சான்று:* மிகப் பெரிய தலைவலி இதுதான். 'இவர் இங்கே பணிபுரிந்தார்' என்ற இரண்டு வரிக் கடிதம் செல்லாது. நிறுவனத்தின் லெட்டர்பேடில் பதவி, வேலை செய்த தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், என்னென்ன வேலை செய்தார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். வளைகுடாவில் விசாவில் ஒரு பதவி, பார்த்த வேலை வேறொன்று என்பது சகஜம். விசாவில் 'லேபர்' என்று இருந்து, வேலை சூப்பர்வைசராக இருந்தால் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, நிறுவனக் கடிதம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். உதவியாளர், கூலி வேலைகள் இந்தப் பிரிவில் கணக்கில் வராது. ஊரை விட்டுக் கிளம்பும் முன், வேலையை விடும் அன்றே இந்தக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் ஹெச்.ஆர். மாறியிருப்பார்; கம்பெனியே மூடியிருக்கலாம்.

நிலத்தைக் காட்டினால் ஆகுமா?

அங்கே போய் வேலை கிடைக்கும் வரை சமாளிக்கப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 2025 ஜூலை நிலவரப்படி தனி ஆளுக்கு 15,263 கனடா டாலர். நான்கு பேர் குடும்பத்துக்கு 28,362. ஆண்டுதோறும் இந்தத் தொகை மாறும்.

இங்கேதான் அடமானக் கணக்கு தவறுகிறது. இந்தப் பணம் கடனாக வாங்கியதாக இருக்கக் கூடாது. நிலம், வீட்டின் மதிப்பைக் காட்டவும் முடியாது. வங்கியிலிருந்து வரும் கடிதத்தில் கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பும், உங்கள் பெயரில் உள்ள கடன்களும் இருக்கும். கடைசி வாரத்தில் யாரிடமாவது வாங்கிப் போட்டால் தெரிந்துவிடும். பெற்றோர் நிலத்தை விற்று மகனுக்குக் கொடுத்தால் ஏற்பார்கள். ஆனால் விற்ற பத்திரம், பணம் வந்த வழி, திருப்பித் தர வேண்டியதில்லை என்ற அன்பளிப்புக் கடிதம் எல்லாம் வேண்டும்.

இது அரசுக்குக் கட்டும் பணம் அல்ல; உங்கள் கணக்கிலேயே இருக்கும் பணம். அரசுக்குக் கட்டுவது தனி. 2024 ஏப்ரல் 30 நிலவரப்படி ஒருவருக்கு 1,525 கனடா டாலர்; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இது மாற்றப்படும். கைரேகைப் பதிவுக்கு 85 டாலர். ஒரு கனடா டாலர் 60 ரூபாய்க்கு மேல் என்று வைத்தால், கட்டணம் மட்டும் ஒருவருக்கு ஒரு லட்ச ரூபாயை ஒட்டி வரும். மொழித் தேர்வு, பட்ட மதிப்பீடு, மருத்துவப் பரிசோதனை, காவல்துறைச் சான்று எல்லாம் தனிச் செலவு. அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் எல்லா ஆவணங்களோடும் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், காகிதங்களை முன்பே தயார் செய்துவிட வேண்டும்.

ஏஜென்ட் வேண்டுமா?

கட்டாயமில்லை. குளத்தில் சேர்வது இலவசம். கனடா அரசின் இணையதளத்தில் நீங்களே கணக்குத் தொடங்கலாம். சி.ஆர்.எஸ். கணக்கிடும் கருவியும் அங்கேயே இருக்கிறது.

உதவி வேண்டும் என்றால், பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல யாருக்கு அனுமதி என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கனடாவின் குடியேற்ற ஆலோசகர் கல்லூரியில் உரிமம் பெற்றவர்கள், அந்நாட்டு வழக்கறிஞர்கள், கியூபெக் நோட்டரிகள். உரிம எண்ணைக் கேட்டு, கல்லூரியின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

வளைகுடா, ஐரோப்பா போன்ற இடங்களுக்கு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுகளுக்கு விதி வேறு. 1983 குடிபெயர்வுச் சட்டத்தின்படி அவர்கள் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தேடலாம். வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் 1978 முதல் இயங்குகிறது. தனியார் ஏஜென்ட்டிடம் போகும் முன் அங்கே என்ன வாய்ப்பு இருக்கிறது என்று பார்க்கலாம்.

ஏஜென்ட் செய்யும் தவறுக்கு யார் பொறுப்பு? நீங்கள்தான். அனுபவத்தைக் கூட்டிக் காட்டியது, போலிக் கடிதம் வைத்தது போன்றவை கண்டுபிடிக்கப்பட்டால் ஐந்து ஆண்டுகளுக்குக் கனடாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. 2023-ல் பஞ்சாப் மாணவர்கள் பலர், ஏஜென்ட் கொடுத்த போலிக் கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தால் கனடாவிலிருந்து வெளியேற்றப்படும் நிலைக்கு ஆளானது செய்தியானது. அந்த ஏஜென்ட்டுக்கு மறு ஆண்டு கனடா நீதிமன்றத்தில் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் மாணவர்களுக்குப் போன வருஷங்கள் போனதுதான். எந்தப் படிவத்திலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கணக்கின் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கட்டும்.

கனடா மட்டும்தானா?

இல்லை. ஆஸ்திரேலியாவிலும் புள்ளி முறைதான். 45 வயதுக்குள் இருக்க வேண்டும். குறைந்தபட்சம் 65 புள்ளி. 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி. அங்கேயும் 65 என்பது வாசல் மட்டுமே, அழைப்பு மேலே இருப்பவர்களுக்குத்தான். விண்ணப்பிக்கும் முன் தொழிலுக்கு ஏற்ற அமைப்பிடம் திறன் மதிப்பீடு பெற வேண்டும். பொறியாளர்களுக்கு இன்ஜினீயர்ஸ் ஆஸ்திரேலியா. மாநிலப் பரிந்துரை கிடைத்தால் 5 புள்ளி. பெருநகரங்களுக்கு வெளியே வாழச் சம்மதித்தால் 15.

ஜெர்மனியில் வழி வேறு. முதலில் வேலை, பிறகு நிரந்தரம். ப்ளூ கார்டில் வேலை செய்பவர் ஜெர்மன் மொழியில் பி1 நிலை எட்டினால் 21 மாதத்தில் நிரந்தரத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஏ1 நிலையென்றால் 27 மாதம். வேலை தேடிப் போவதற்கான 'சான்சன்கார்ட்டே' என்ற அட்டை 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கனடாவுக்குப் பிரெஞ்சு என்றால், இங்கே ஜெர்மன். எந்த நாடானாலும் மொழிதான் நம் கையில் இருக்கும் பெரிய சாவி.

அப்பா, அம்மா?

இந்தக் கேள்வியை யாரும் விண்ணப்பத்தில் கேட்பதில்லை, வீட்டில் கேட்பார்கள். கனடா பி.ஆர். தக்கவைக்க ஐந்து ஆண்டில் 730 நாள் அங்கே இருக்க வேண்டும். குடியுரிமைக்கு ஐந்து ஆண்டில் 1,095 நாள். பெற்றோரை நிரந்தரமாக அழைக்கும் திட்டத்தில் இடங்கள் மிகக் குறைவு. சூப்பர் விசாவில் ஒரு முறை போனால் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். ஆனால் அதற்கு மகன் அல்லது மகளின் வருமானம் குறிப்பிட்ட அளவு இருக்க வேண்டும், மருத்துவக் காப்பீடும் எடுக்க வேண்டும்.

நம் உதாரண இளைஞருக்குத் திரும்புவோம். கன்சல்டன்சியில் கேட்டதை நம்பி நிலத்தை அடமானம் வைத்து, 6 மதிப்பெண் ஆங்கிலத்தோடு விண்ணப்பித்திருந்தால், அவர் 62-ல் நின்றிருப்பார். பணம் போயிருக்கும், வட்டி ஏறியிருக்கும். கணக்கைத் தானே போட்டுப் பார்த்தவருக்கு முன்னால் இப்போது தெளிவான பட்டியல் இருக்கிறது: ஆங்கிலத்தில் 9-ம் நிலை, துபாய் கம்பெனியிடம் முறையான கடிதம், ஓராண்டுக்கு மேல் பிரெஞ்சு. அதுவரை கையில் இருக்கும் வேலையை விடாமல் சம்பளத்தைச் சேமிப்பது. 31 வயதில் 429-லிருந்து 11 குறைந்து 418 ஆனாலும், பிரெஞ்சின் 62 சேர்ந்தால் 480. 2025-ல் அதிகபட்சக் கட்-ஆஃபுக்கு ஒன்று குறைவு, மற்ற சுற்றுகளுக்குப் போதுமானது.

உறுதி என்று யாரும் சொல்ல முடியாது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. ஆனால் காடு பத்திரமாக இருக்கிறது. கற்ற மொழி எந்த நாட்டு விதி மாறினாலும் வீணாகப் போவதில்லை. இன்றிரவே ஒரு தாளை எடுத்து உங்கள் வயது, பட்டம், அனுபவம், மொழி நான்கையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஏஜென்ட்டைப் பார்ப்பதா வேண்டாமா என்பதை அந்த எண் சொல்லும்.